உறழ்ச்சிக் கணக்கும் யாப்பு மரபும்

தமிழ் எழுத்துகளின் வரிசைக்கு முன்னோர் இட்ட பெயர் நெடுங்கணக்கு. எழுத்தைக் கற்பிக்கும் பாடத்திற்குக் கணக்கு என்று பெயர் அமைந்தது பொருத்தமே. மெய் 18 ஒரு பக்கமும் உயிர் 12 மறுபக்கமும் நிற்க, ஒவ்வொரு மெய்யும் ஒவ்வோர் உயிரோடும் கூடி 216 உயிர்மெய்கள் பிறக்கின்றன. அவற்றோடு உயிரும் மெய்யும் ஆய்தமும் சேர எழுத்து 247 ஆகிறது. பதினெட்டைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும் என்று பிள்ளைக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. எனினும் கட்டம் கட்டமாக எழுதிப் பழகும்போது, ஒரு தெரிவோடு மற்றொரு தெரிவு சேருமிடத்துக் கூட்டல் போதாது, பெருக்கலே வேண்டும் என்னும் உண்மையை அப்பிள்ளை கையாலேயே அறிந்துகொள்கிறது.

இன்றைய கணித நூல்கள் பெருக்கல் விதி என்று கூறுவது இதனையே. ஒரு செயலை முதற்கண் சில வழிகளில் செய்யலாம்; அவ்வழி ஒவ்வொன்றையும் அடுத்து இரண்டாவது செயலைச் சில வழிகளில் செய்யலாம் எனில், இரண்டும் சேர்ந்து அமையும் வழிகளின் தொகை அவ்விரு எண்களின் பெருக்கமாகும். எளிய இவ்விதி பள்ளிக்கூடத்துக் கணக்காக மட்டும் நின்றுவிடவில்லை. கவிதை இலக்கணத்தின் உள்ளே அது நெடுங்காலம் குடியிருந்தது. தமிழ் யாப்பு நூல்களும் அவற்றின் உரைகளும் அதற்குச் சான்றாகும்.

உறழ் என்னும் சொல்

இவ்வகைப் பெருக்கலைக் குறிக்க உரையாசிரியர்கள் ஆண்ட சொல் உறழ்தல் என்பதாகும். இச்சொல்லின் பொருட்பரப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. தொல்காப்பியத்தின் புணரியல் மரபில், ஒரு சொல் இயல்பாகவும் வரலாம், திரிந்தும் வரலாம் எனும் நிலைக்கு உறழ்ச்சி என்று பெயர். அங்கே அது இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமையைக் குறிக்கிறது. உவமவியலில் உறழ என்பது உவம உருபுகளுள் ஒன்று. அங்கே இரு பொருள்கள் எதிரெதிர் நின்று ஒப்பு நோக்கப்படுகின்றன. செய்யுளியல் உரையிலோ அதே சொல் எண்களைப் பெருக்குதலைச் சுட்டுகிறது. தெரிவு, எதிர்நிறுத்தல், பெருக்கம் ஆகிய மூன்றும் ஒரே சொல்லுள் அடங்கியுள்ளன. பெருக்கல் விதியின் முழு இயல்பும் இம்மூன்றே. ஒரு வரிசையை நிறுத்தி, அதன் எதிரே மற்றொரு வரிசையை வைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் கூட்டிப் பார்த்தலே உறழ்தல்.

தொல்காப்பியரின் சீர்த்தொகை

தொல்காப்பியச் செய்யுளியலில் அசைகள் நான்கு: நேர், நிரை, நேர்பு, நிரைபு. இந்நான்கும் தனித்தனியே நின்று சீராகுமிடத்து அசைச்சீர் 4. நான்கையும் நான்கோடு உறழ ஈரசைச்சீர் 16. அவற்றுள் 10 இயற்சீர் என்றும் 6 ஆசிரியவுரிச்சீர் என்றும் பகுக்கப்பட்டன. அப்பதினாறையும் மீண்டும் நான்கோடு உறழ மூவசைச்சீர் 64. அவற்றுள் 4 வெண்சீர், எஞ்சிய 60 வஞ்சியுரிச்சீர். ஆகச் சீர்களின் தொகை 84.

இக்கணக்கில் பெருக்கலும் கூட்டலும் தத்தம் இடம் அறிந்து நிற்பதைக் காணலாம். ஒரு சீருக்குள் அசையைத் தொடர்ந்து அசை வருமிடத்துப் பெருக்கல். ஓரசைச்சீரோ ஈரசைச்சீரோ மூவசைச்சீரோ என ஒன்று அமைய மற்றவை விலகுமிடத்துக் கூட்டல். 'இதுவும் அதுவும்' எனில் பெருக்குக, 'இது அல்லது அது' எனில் கூட்டுக என்பதே இன்றும் மாணவர்க்குக் கூறப்படும் விதி. இவ்வேறுபாட்டில் தடுமாறாதவர்க்கே 84 என்னும் எண் கிட்டும்.

தொல்காப்பியர் அடிகளின் விரியை 625 எனக் குறித்தார். அவ்வெண் எவ்வாறு வந்தது என்பதற்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு வழிகளில் விளக்கம் தேடினர். அவற்றுள் இளம்பூரணர் காட்டிய வழி, பெருக்கல் விதியைப் படிப்படியாக விளக்கும் பாடம் போலவே அமைந்துள்ளது. அசைச்சீர், இயற்சீர், ஆசிரியவுரிச்சீர், வெண்சீர், வஞ்சியுரிச்சீர் எனச் சீர்வகை ஐந்தையும் அவர் முதற்சீரின் இடத்தில் நிறுத்துகிறார். இரண்டாம் சீரின் இடத்திலும் அவ்வைந்தும் வரலாம் ஆதலின் 25. அவ்விருபத்தைந்தோடு மூன்றாம் சீரின் ஐந்தை உறழ 125. அதனோடு நான்காம் சீரின் ஐந்தை உறழ 625. குறியீடுகளோ அடுக்குக்குறி எழுதும் முறையோ இன்றி, சொற்களால் மட்டுமே ஐந்தின் நான்காம் அடுக்கை அவர் கண்டுகாட்டினார். நாற்சீர் அடியை நான்கு வெற்றிடங்களாக மனத்தில் நிறுத்தி, ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே நிரப்பிப் பார்க்கும் இம்முறையையே இன்றைய ஆசிரியர்களும் கரும்பலகையில் எழுதிக் காட்டுகின்றனர்.

காரிகையின் சுருக்கம்

அமிதசாகரர் யாப்பருங்கலத்தையும் யாப்பருங்கலக் காரிகையையும் இயற்றிய காலத்தில் அசைகள் நேர், நிரை என இரண்டாகச் சுருங்கியிருந்தன. அடிப்படை எண் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்ததும் கணக்கு முழுவதும் மாறியது. ஓரசைச்சீர் 2, ஈரசைச்சீர் 4, மூவசைச்சீர் 8, நாலசைச்சீர் 16. ஆகச் சீர் 30. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் எனத் தொடங்கும் வாய்பாடுகள் இப்பெருக்கத்தின் பெயர்ப்பட்டியலே அன்றி வேறல்ல. மாணவன் வாய்பாட்டை மனப்பாடம் செய்யும்போது, இரண்டின் அடுக்குகளை மரங்களின் பெயராலும் காய் கனிகளின் பெயராலும் மனத்தில் ஏற்றிக்கொள்கிறான். பழைய நேர்பும் நிரைபும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வெண்பாவின் ஈற்றுச்சீரில் காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளாக அவை இன்றும் தங்கியிருக்கின்றன.

தொடைக் கணக்கில் இம்மரபின் நுட்பம் மேலும் விளங்கும். மோனை, இயைபு, எதுகை, முரண், அளபெடை எனத் தொடை ஐந்து. அவை அடி, இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என்னும் எட்டு வகையில் வரும். ஐந்தும் எட்டும் உறழ 40. அந்தாதி, இரட்டை, செந்தொடை மூன்றும் கூட 43.

அவ்வெட்டில் அடித்தொடையை ஒதுக்கி எஞ்சிய ஏழையும் நோக்குக. இணை முதல் முற்று வரை அவ்வேழும் ஒரே அடிக்குள் அமைவன. முதற்சீரோடு ஏனைய மூன்று சீர்களுள் எவை ஒன்றுகின்றன என்பதே அங்குக் கேள்வி. இரண்டாம் சீர் ஒன்றலாம், ஒன்றாதிருக்கலாம். மூன்றாம் சீரும் அவ்வாறே. நான்காம் சீரும் அவ்வாறே. இரண்டை மும்முறை உறழ எட்டு. எச்சீரும் ஒன்றாத நிலையை நீக்க எஞ்சுவது ஏழு. இரண்டாம் சீர் மட்டும் ஒன்றினால் இணை. மூன்றாவது மட்டும் எனில் பொழிப்பு. நான்காவது மட்டும் எனில் ஒரூஉ. இரண்டும் மூன்றும் எனில் கூழை. மூன்றும் நான்கும் எனில் மேற்கதுவாய். இரண்டும் நான்கும் எனில் கீழ்க்கதுவாய். மூன்றும் எனில் முற்று. ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இருமுறை வரவில்லை. செவிக்கு இனியவற்றை மட்டும் பொறுக்கிப் பெயரிட்டிருந்தால் இந்நிறைவு வாய்த்திராது. இயலக்கூடியவை அனைத்தையும் எண்ணிப் பார்த்த பின்னரே பெயர் சூட்டியுள்ளனர்.

வண்ணங்களிலும் இதே முறை காணப்படுகிறது. தொல்காப்பியர் கூறிய வண்ணம் 20. பின்வந்த யாப்பு மரபினர், தூங்கிசை முதலிய ஐந்தையும் அகவல் முதலிய நான்கோடு உறழ்ந்து 20 ஆக்கி, அதனைக் குறில், நெடில், வலிது, மெலிது, இடை என்னும் ஐந்தோடும் உறழ்ந்து வண்ணம் 100 எனக் கொண்டனர்.

வடமொழி மரபும் பிறவும்

செய்யுளே கணிதத்தை வளர்த்த கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. வடமொழியில் பிங்கலரின் சந்த நூல், இலகு, குரு என்னும் இரண்டையும் வரிசைப்படுத்தி எழுதிக் காட்டும் முறையைத் தந்தது. அதற்குப் பிரத்தாரம் என்று பெயர். மூன்று அசைகளில் அமையும் எட்டுக் கணங்கள் இரண்டை மும்முறை உறழ்ந்ததன் விளைவாகும். தமிழின் மூவசைச்சீர் எட்டும் அவ்வாறே பிறந்தவை. எனினும் அசையின் இலக்கணம் இருமொழியிலும் வேறாதலின் எண் ஒன்றாயிருப்பதைக் கொண்டு இரண்டும் ஒன்றெனக் கருதலாகாது. கி.பி. 1150இல் இலீலாவதியை இயற்றிய பாஸ்கரர், 24 எழுத்துகள் கொண்ட காயத்திரிச் சந்தத்தின் விகற்பங்களை 1,67,77,216 எனக் கணக்கிட்டார். இரண்டை இருபத்துநான்கு முறை உறழ வரும் எண் அது. சுசுருத சங்கிதை ஆறு சுவைகளின் சேர்க்கை 63 என்றது. ஒவ்வொரு சுவையும் சேரலாம், சேராதிருக்கலாம் என ஆறுமுறை உறழ்ந்து வரும் 64இல் சுவையற்ற ஒன்றை நீக்கிய தொகையே அது. தொடை ஏழானதும் சுவை 63 ஆனதும் ஒரே நெறியால் ஆகும்.

ஐரோப்பாவிலும் ஒரு செய்யுள் அடி கணித அறிஞர்களை ஈர்த்தது. பெர்னார்டு பௌஹூயிஸ் என்னும் யேசு சபைப் பாவலர், கன்னி மரியாளைப் போற்றி இலத்தீனில் எட்டுச் சொற்களால் ஓர் அடி இயற்றினார். அச்சொற்களை இடம் மாற்றி வைத்தாலும் பொருள் சிதையாது. எட்டுச் சொற்களையும் வரிசை மாற்றும் வழிகள், எட்டு, ஏழு, ஆறு எனக் குறைந்துவரும் எண்களைப் பெருக்க 40,320 ஆகின்றன. ஆனால் அவை யாவும் சந்தத்திற்குப் பொருந்தா. 1617இல் பூட்டியானஸ் என்னும் அறிஞர் 1,022 அடிகளை எழுதி வெளியிட்டார். பண்டைய வானூலார் பட்டியலிட்ட விண்மீன்களின் தொகை அது. ஜேக்கப் பெர்னூலி மறைந்த பின் 1713இல் வெளிவந்த நிகழ்தகவு நூலில், சந்தம் கெடாமல் அமைபவை 3,312 என்னும் முடிவு இடம்பெற்றது. 40,320 என்பது சொற்களுக்கு உள்ள இடம். 3,312 என்பது செவி ஒப்புக்கொண்ட இடம்.

தளை என்னும் வரம்பு

அவ்வேறுபாட்டைத் தமிழ் வெண்பாவில் மிகத் துல்லியமாக அளக்க இயலும். வெண்பாவின் ஈற்றுச்சீர் ஒழிந்த இடங்களில் வரத்தக்கவை இயற்சீர் நான்கும் காய்ச்சீர் நான்குமாக எட்டு. நாற்சீர் அடி ஒன்றில் எட்டையும் தடையின்றி நிரப்பலாம் எனில் எட்டை நான்கு முறை உறழ 4,096 அடிகள் கிடைக்கும். ஆனால் வெண்டளை அதற்கு இடம் தருவதில்லை. மாச்சீரின் முன் நிரையசை வரவேண்டும். விளச்சீரின் முன்னும் காய்ச்சீரின் முன்னும் நேரசை வரவேண்டும். எட்டுச் சீர்களில் நேரசையால் தொடங்குபவை நான்கு, நிரையசையால் தொடங்குபவை நான்கு. ஆதலின் முதற்சீர் எதுவாயினும் அடுத்த சீருக்கு உரிய தெரிவு நான்கே. எட்டு, நான்கு, நான்கு, நான்கு என உறழ்ந்தால் கிடைப்பவை 512. சீரும் சீரும் சந்திக்கும் ஒவ்வொரு மூட்டிலும் தளை சரிபாதியைக் கழித்துவிடுகிறது.

குறள் வெண்பாவில் சீர் ஏழு. முதற்சீர்க்கு எட்டு, அடுத்த ஐந்து சீர்க்கும் நான்கு நான்கு, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றாதல் வேண்டும். அவற்றுள்ளும் நாளும் காசும் நேரால் தொடங்குபவை, மலரும் பிறப்பும் நிரையால் தொடங்குபவை ஆதலின் தெரிவு இரண்டே. இவற்றை உறழக் குறளின் சீரமைப்புகள் 16,384 ஆகின்றன. தளை இல்லையெனில் இத்தொகை 10,48,576 ஆகியிருக்கும். ஆறு மூட்டுகளும் ஆறுமுறை பாதியாக்கியமையால் 64இல் ஒரு பங்கே எஞ்சியது.

எஞ்சிய பங்கு சிறிதென்று கருதத் தோன்றும். திருக்குறள் 1,330 பாக்களை உடையது. ஒவ்வொரு குறளும் வெவ்வேறு சீரமைப்பில் அமைந்ததாகவே கொண்டாலும், 16,384இல் நூற்றுக்கு எட்டு என்னும் அளவையே அது நிரப்பியிருக்கும். நான்கடி வெண்பாவில் சீர் 15. அதே முறையில் உறழ வரும் சீரமைப்புகள் 107,37,41,824. ஒரு நிமிடத்திற்கு ஒரு வெண்பாவாக இரவும் பகலும் இடைவிடாது பாடினாலும், ஒவ்வோர் அமைப்பிலும் ஒன்று பாடி முடிக்க 2,000 ஆண்டுகளுக்கு மேலாகும். இக்கணக்கு ஓசையின் சட்டகத்தை மட்டுமே கருதியது. அச்சட்டகத்தை நிரப்பும் சொற்களை இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

புதுக்கவிதை எழுந்த நாள்முதல் யாப்பை விலங்கு என்று பழிப்பாரும், அதுவே கவிதை என்று போற்றுவாரும் வாதிட்டு வந்துள்ளனர். இரு சாராரும் இவ்வெண்களைக் கருதியதாகத் தெரியவில்லை. தளை விலக்குவது பெரும்பகுதியை என்பது உண்மை. அவ்வகையில் பழிப்பார் கூற்றுக்கு ஆதாரம் உண்டு. விலக்கிய பின் எஞ்சுவது எந்தப் பாவலனும் ஆயுளில் நிரப்ப இயலாத பரப்பு என்பதும் உண்மை. வெண்பாக்கள் ஒன்றுபோல் ஒலித்துச் சலிப்பூட்டுமாயின் அதற்குத் தளை மட்டும் காரணமாகாது. பழகிய சில தடங்களிலேயே திரும்பத் திரும்ப நடந்ததும் காரணமாகலாம்.

வெற்றிடங்களின் பயன்

எண்ணிக் கண்ட வெற்றிடம் பிற்காலத்தார்க்கு வழியாவதற்குத் தஞ்சையின் இசை வரலாறு சான்று தருகிறது. 17ஆம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் விளங்கிய வேங்கடமகி, சதுர்தண்டிப் பிரகாசிகை என்னும் நூலில் மேளங்கள் 72 எனக் கணக்கிட்டார். சட்சமும் பஞ்சமமும் மாறாதன. ரிடப காந்தார இணைகள் 6, தைவத நிடாத இணைகள் 6, மத்திமம் 2. ஆறும் ஆறும் இரண்டும் உறழ 72. அவர் காலத்தில் வழக்கில் இருந்தவையோ 19 மட்டுமே. எஞ்சியவற்றிற்கு அன்று பாட்டில்லை, கேட்டவரும் இல்லை. ஆயினும் அவற்றிற்குரிய இடங்களை அவர் அழித்துவிடவில்லை. பின்வந்த இசைவாணர்கள் அவ்விடங்களில் ஒவ்வொன்றாகக் குடியேறினர். கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழ்க் கீர்த்தனைகள் இயற்றினார். எண் முன்னே சென்றது. பாட்டு பின்னே வந்து சேர்ந்தது.

உறழ்ச்சிக் கணக்கையே கவிதையாக்கியவரும் உண்டு. 1961இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரேமோன் கெனோ, பதினான்கு அடிப் பாடல்கள் பத்தை எழுதி, ஒவ்வோர் அடியையும் தனிக் கீற்றாக நறுக்கி நூலாக்கினார். எப்பாடலின் எவ்வடியையும் அதே இடத்தில் மற்றொன்றின் அடிக்கு மாற்றாக வைக்கலாம். பத்தைப் பதினான்கு முறை உறழ நூறு இலட்சம் கோடிப் பாடல்கள். நிமிடத்திற்கு ஒன்றாகப் படிப்பின் 19 கோடி ஆண்டுகள் ஆகும் என அவரே கணக்கிட்டார். அப்பாடல்களில் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் படித்ததில்லை. இனிப் படிக்கப் போவதும் இல்லை. வியப்புக்குரிய அந்நூல், எண்ணிக்கையால் மட்டும் கவிதை பிறப்பதில்லை என்பதையும் உடன் உணர்த்துகிறது.

நெடுங்கணக்கிலும் இதே நிலையைக் காணலாம். ஙகர வரிசையில் பன்னிரண்டு எழுத்துகள் உண்டு. ஆயின் அங்ஙனம், இங்ஙனம் போன்ற சில சொற்களில் வரும் ஓர் எழுத்தன்றி ஏனையவற்றிற்கு வழக்கில்லை. பயனில்லை என்று கருதி அவற்றை எவரும் நெடுங்கணக்கிலிருந்து நீக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அவற்றையும் சேர்த்தே எழுதிப் பழகி வந்துள்ளனர். பயன்படுவதை மட்டும் பட்டியலிடாது, இயலக்கூடியதையும் இடம் விட்டுப் போற்றுதல் தமிழ் இலக்கண மரபின் இயல்பு. 84 சீரும் 625 அடியும் 43 தொடையும் 100 வண்ணமும் அவ்வியல்பின் வெளிப்பாடுகளே. உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுக் கிட்டாத இடங்களையும் எண்ணி வைத்துச் சென்றனர். அவற்றுள் எவை பாட்டாகும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைக் கணக்கிடம் அவர்கள் ஒப்படைக்கவில்லை. பின்வரும் பாவலர்களின் செவியிடம் விட்டுச் சென்றனர்.